பிலிம் டப்பாவில் ஒரு பல்: எந்த டைனோசருடையது?

கேள்வி: நெய்வேலிப் பையன், 8 ஜூன் 2024, இரவு 10.15

பெரியப்பா போன மாதம் காலமானார். சிமெண்ட் கம்பெனி ஒன்றில் ஜியாலஜிஸ்டாக இருந்து ரிடையர் ஆனவர். அவருடைய மரப்பெட்டியில் கல், சிப்பி, சங்கு என்று ஏகப்பட்டது கிடக்கிறது. அதில் ஒரு பழைய பிலிம் ரோல் டப்பாவுக்குள் பஞ்சு சுற்றி இந்தப் பல் இருந்தது. பழுப்பு நிறம். இரண்டு ஓரத்திலும் ரம்பம் மாதிரி இருக்கிறது. லேபிள் இல்லை. அடியில் இந்தியன் இங்க்கில் ஆங்கில எழுத்து 'கே', பக்கத்தில் 14 என்று பொடியாக எழுதியிருக்கிறது. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் எடுத்தது என்று பெரியம்மா சொல்கிறார். படத்தை இணையத்தில் போட்டுத் தேடினால் டி.ரெக்ஸ் குட்டியின் பல் என்று வருகிறது. சரிதானா?

கல்லுளிமங்கன், 9 ஜூன், காலை 6.50

டி.ரெக்ஸ் இல்லை. அதன் எலும்பு வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில்தான் கிடைக்கிறது. உங்கள் பெரியப்பா மொன்டானா பக்கத்துப் பல்லை யாரிடமாவது வாங்கியிருந்தால் ஒழிய அந்தப் பேச்சே வேண்டாம். அப்படி வாங்கியிருந்தாலும் படத்தில் இருப்பது தட்டையான பல். டி.ரெக்ஸ் பல் நல்ல தடிமன். எலும்போடு சேர்த்து நொறுக்குவதற்கானது.

படம் போதாது. ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைப்பதை விடுங்கள். ஒரு ரூபாய் இதுவரை எத்தனை சைஸில் வந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மி.மீ. கோடு போட்ட ஸ்கேல் வையுங்கள். உதட்டுப் பக்கம், நாக்குப் பக்கம், முன்விளிம்பு, பின்விளிம்பு, அடிப்பக்கம், ஐந்தும் வேண்டும். பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் விழட்டும். பிளாஷ் அடித்தால் எனாமல் பளபளத்து ஒன்றும் தெரியாது.

கழுவாதீர்கள். வினிகரில் ஊறப்போடச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். நெயில் பாலிஷும் வேண்டாம். அடியில் ஒட்டியிருக்கும் மண் பல்லைவிட முக்கியமாகப் போகலாம்.

கல்லுளிமங்கன், 9 ஜூன், இரவு 8.20 (இனி வருவதெல்லாம் அவருடைய பதிவுகளே)

முதல் கேள்வி எந்த டைனோசர் என்பதே இல்லை. டைனோசர்தானா என்பது.

அரியலூர், பெரம்பலூர் பாறைகளில் பெரும்பகுதி கடலில் படிந்தவை. அம்மோனைட் (சுருள் ஓடு வைத்த, அழிந்துபோன கடல் உயிர்), சிப்பி, சுறா. அங்கே ஒரு பல் கிடைத்தால் அது சுறாவுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். படிக்கிற காலத்தில் காரை என்ற ஊர்ப் பக்கத்துப் பள்ளங்களில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போவோம். களிமண் வரப்புகளில் பற்கள் கழுவி வெளியே வந்து மினுங்கும். கையில் எடுத்ததையெல்லாம் டைனோசர் என்று நினைக்க ஆசையாகத்தான் இருக்கும். பேராசிரியர் லென்ஸைக்கூட எடுக்காமல் 'சுறா, சுறா, இதுவும் சுறா' என்று தள்ளிக்கொண்டே போவார். ஒரு தடவை மட்டும் நின்று பார்த்துவிட்டு 'இது ஆட்டுப் பல்' என்றார்.

2020-இல் குன்னம் குளத்தில் டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டதே, நினைவிருக்கிறதா? அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய உருண்டைகள் என்று நிலவியலாளர்கள் சொன்னதும் கூட்டம் கலைந்தது. வாட்ஸ்அப்பில் மட்டும் அந்த முட்டை இன்னும் உடையவில்லை.

சுறாவா என்று பார்க்க: பல்லுக்கு அடியில் இரண்டு பக்கமும் விரிந்த தடித்த வேர் இருக்கிறதா? இருந்தால் சுறா. டைனோசரின் உதிர்ந்த பல்லில் வேரே இருக்காது. கீழே புதுப் பல் முளைத்து வரும்போது பழையதின் வேர் கரைந்துவிடும். அடிப்பக்கம் குழிவாக இருக்கும். உங்கள் முதல் படத்திலேயே அந்தக் குழி லேசாகத் தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலை இன்னொரு தொல்லை. பெரும்பாலான முதலைப் பற்கள் கூம்பு மாதிரி உருண்டவை, சுலபமாகக் கழித்துவிடலாம். ஆனால் அந்தக் காலத்தில் நிலத்தில் வேட்டையாடிய முதலைகளும் இருந்தன. அவற்றின் பல்லும் தட்டை, ஓரத்தில் ரம்பம். இதற்கு அளவு வந்தபின் திரும்ப வருகிறேன்.

12 ஜூன், இரவு 9.05

அளவுகள் வந்துவிட்டன. தம்பி, நூலை வளைவோடு வைத்து 31 மி.மீ. என்று எடுத்திருக்கிறீர்கள். அடியில் இருந்து நுனிக்கு நேர்கோட்டில் எடுத்த 27-ஐத்தான் உயரமாகக் கொள்கிறேன். அடிப்பாகத்தில் முன்பின் நீளம் 15, குறுக்கே தடிமன் 7.4.

தடிமனை நீளத்தால் வகுத்தால் 0.49. அடிப்பாகத்தின் தடிமன் நீளத்தில் பாதிகூட இல்லை. டி.ரெக்ஸ் வகையறாவின் பக்கப் பற்களில் இது 0.6-ஐத் தாண்டும். உயரத்தை நீளத்தால் வகுத்தால் 1.8. குட்டையான, அகலமான பல். இந்த 1.8-ஐ மறக்காதீர்கள்.

'மொத்தம் 58 ரம்பப்பல் எண்ணினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். பொறுமைக்குப் பாராட்டு, ஆனால் அந்த எண்ணால் பயனில்லை. நுனியிலும் அடியிலும் அவை பொடியாகிவிடும், தேய்ந்தும் போயிருக்கும். பல்லின் நடுவில் 5 மி.மீ.க்குள் எத்தனை என்பதுதான் கணக்கு.

நான் செய்யும் விதம் இது. கறுப்பு சார்ட் பேப்பரில் சரியாக 5 மி.மீ. அகலத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டிக்கொள்வேன். விளிம்பின் நடுவில் அதை வைத்து, கைபேசியின் மேக்ரோவில் படமெடுத்து, படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றின் மேலும் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணுவேன். லென்ஸில் கண்ணை வைத்து எண்ணினால் ஏழாவதா எட்டாவதா என்று தடுமாறிப்போகும். பின்விளிம்பு ஒருமுறை, முன்விளிம்பு ஒருமுறை. செய்து அனுப்புங்கள்.

13 ஜூன், மதியம் 1.30

பின்விளிம்பில் 12, முன்விளிம்பில் 13.

'ராப்டர்' என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். இல்லை. வெலோசிராப்டர் கூட்டத்தில் முன்விளிம்பு ரம்பம் பின்விளிம்பைவிட மிகப் பொடியாக இருக்கும், சிலவற்றில் முன்விளிம்பில் இருக்கவே இருக்காது. இதற்காகவே ராவுட், வெர்னர் இருவரும் 1995-இல் ஒரு விகிதம் கொண்டுவந்தார்கள். முன்விளிம்பு எண்ணிக்கையைப் பின்விளிம்பு எண்ணிக்கையால் வகுப்பது. நம் பல்லுக்கு 13-ஐ 12-ஆல் வகுத்தால் 1.08. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ராப்டர் ஆசையை விட்டுவிடுங்கள்.

13 ஜூன், மதியம் 1.42

'ஜுராசிக் பார்க் படத்தில் வருமே' என்பது ஆதாரம் ஆகாது.

16 ஜூன், காலை 11.10

மொராக்கோ பல்லாக இருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தது நியாயமான சந்தேகம். உலகத்தில் எந்தச் சேகரிப்பாளர் பெட்டியைத் திறந்தாலும் மொராக்கோவின் கெம் கெம் பாறைகளின் பல் ஒன்றாவது இருக்கும். அங்கே அவ்வளவு கிடைக்கிறது, அவ்வளவு விற்கிறார்கள்.

அங்கே அதிகம் கிடைப்பது ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசரின் பல். ஒரு இடத்தில் தோண்டி எடுத்த பல் மொத்தத்தையும் எண்ணி 2021-இல் எழுதினார்கள். கிட்டத்தட்டப் பாதி ஸ்பைனோசாரஸ். அந்தப் பல் உருண்டு, நீளவாக்கில் வரியோடி, ரம்பமே இல்லாமல் முதலைப் பல் மாதிரி இருக்கும். நம்முடையது அது இல்லை. அங்கே கிடைக்கும் இன்னொரு ஊனுண்ணியான கார்க்கரோடான்டோசாரஸின் பல் தட்டைதான். ஆனால் அது பெரிது, விளிம்பை ஒட்டி எனாமலில் சுருக்கம் சுருக்கமாக அலை தெரியும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

அப்புறம் 'டெல்டாட்ரோமியஸ் பல்' என்று கடைக்காரர்கள் விற்பார்கள். அந்த விலங்கை 1996-இல் விவரித்தபோது மண்டை ஓடு கிடைக்கவில்லை. மண்டையே இல்லாத விலங்குக்குப் பல் எங்கிருந்து வந்தது? கெம் கெம்மில் கிடைக்கும் நடுத்தர சைஸ் பல், பெயர் தெரியாவிட்டால் டெல்டாட்ரோமியஸ். கடைக்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

நானும் ஒரு கண்காட்சியில், வேரோடு முழுசாக இருந்த பல் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறேன். வீட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் நடுவில் ஒரு வளையம் நீல வெள்ளையாக மின்னியது. கோந்து. மேல்பாதி ஒரு விலங்கு, வேர் இன்னொரு விலங்கு, நடுவில் மணலும் பசையும். விற்றவரிடம் கேட்டபோது 'இரண்டுமே அசல்தானே சார்' என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் அதை வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்ட நல்ல பொருள்.

தம்பி, டார்ச் கிடைத்தால் நீங்களும் அடித்துப் பாருங்கள். குழிக்குள் ஒட்டியிருக்கும் மண் என்ன நிறம் என்பதையும் சொல்லுங்கள். கெம் கெம் என்றால் துருச் சிவப்பு மணலாக இருக்கும்.

16 ஜூன், இரவு 10.30

கோந்து இல்லை. மண் சிவப்பு இல்லை, சாம்பல் வெள்ளை. சரி, மொராக்கோ பின்னுக்குப் போகிறது.

இப்போது நெருங்கிய படத்தைப் பார்க்கலாம். இந்த இழையில் வந்த படங்களில் இதுதான் பேசுகிற படம். மூன்று விஷயம்.

பின்விளிம்பு கிட்டத்தட்ட நேர்கோடு. முன்விளிம்புதான் வளைந்து நுனிக்கு வருகிறது. பெரும்பாலான ஊனுண்ணி டைனோசர் பற்களில் இரண்டுமே பின்னோக்கி வளையும்.

ரம்பப்பற்கள் நேராக நிற்கவில்லை. ஒவ்வொன்றும் நுனிப் பக்கம் லேசாகக் கொக்கி போட்டிருக்கிறது. கருக்கரிவாளைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், அதன் பற்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதே சாய்வு.

பல் குட்டை. அந்த 1.8.

மூன்றையும் சேர்த்தால் அபெலிசாரிட் குடும்பம். தென்கண்டங்களின் ஊனுண்ணிகள்: குட்டை முகம், உபயோகமில்லாத பொடிக் கைகள். முதலைக் கேள்வியைப் பாக்கி வைத்திருந்தேன். நேரான பின்விளிம்பும் கொக்கி போட்ட ரம்பமும் சேர்ந்து வந்தால் நான் முதலையை எடுத்துவிடுவேன். கல்லமேட்டில் முதலைப் பற்களும் வெளியாகியிருக்கின்றன. அவை மடகாஸ்கரின் சிமோசூகஸ் போன்ற தழை தின்னும் முதலையுடையவை, பல முனை வைத்த இலை வடிவம். இதோடு குழப்பவே முடியாது.

இந்தியாவிலும் இந்தக் குடும்பம் உண்டு என்பதால்தான் விஷயம் இப்போது சூடு பிடிக்கிறது.

17 ஜூன், காலை 7.15

'அப்படியானால் ராஜசாரஸ் என்று எழுதிவிடலாமா' என்று தம்பி கேட்கிறார். எழுதக்கூடாது. ராஜசாரஸை 2003-இல் விவரித்தபோது கையில் இருந்தது மண்டையின் பின்பகுதி, முதுகெலும்பு, இடுப்பு, பின்னங்கால் எலும்புகள். பல் பிடிக்கிற தாடை அதில் இல்லை. நேற்று டெல்டாட்ரோமியஸுக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். நம்மூர் விலங்கு என்பதற்காகச் சலுகை கிடையாது.

23 ஜூன், மாலை 5.40

ஒரு வாரமாக இது தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. குடும்பம் வரை போனது சுலபம். அதற்கு மேல் பல் வாயைத் திறக்காது.

மடகாஸ்கரின் மஜுங்காசாரஸை எடுத்துக்கொள்வோம். இந்தக் குடும்பத்தில் பற்களை நன்றாக ஆராய்ந்திருப்பது அதில்தான். குட்டை, நேரான பின்விளிம்பு, கொக்கி ரம்பம், எல்லாம் நம் பல்லுக்கு அச்சாகப் பொருந்துகிறது. பிரான்ஸின் தெபெரே 1896-இல் மடகாஸ்கர் பற்களை முதலில் விவரித்தபோது 'மெகலோசாரஸ்' என்று பெயர் வைத்தார். அல்ஜீரியாவில் கிடைத்த இரண்டு பற்களுக்கும் 1925-இல் அதே பெயர், அதுதான் பிற்பாடு கார்க்கரோடான்டோசாரஸ் ஆனது. நம் திருச்சி மாவட்டத்துப் பல் ஒன்றை லிடெக்கர் 1879-இல் எழுதியபோதும் அதே மெகலோசாரஸ். அந்தக் காலத்தில் ரம்பம் வைத்த பல் எங்கே கிடைத்தாலும் இங்கிலாந்து விலங்கின் பெயரைச் சூட்டிவிடுவார்கள்.

இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. மஜுங்காசாரஸ் வாழ்ந்தது அதற்கு ஏறக்குறைய 2 கோடி ஆண்டு கழித்து. இரண்டு கரையிலும் பங்காளிகள்தான். ஒரு பல்லை மட்டும் வைத்துக்கொண்டு இவன் இந்தக் கரையா அந்தக் கரையா என்று சொல்ல என்னால் முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால், என்ன அடையாளத்தை வைத்து என்று கேளுங்கள்.

மடகாஸ்கரைச் சும்மா இழுக்கவில்லை. பெட்டிக்குள் வேறு என்ன இருக்கிறது என்று தம்பி அனுப்பிய படத்தில், இரண்டாக அறுத்துப் பாலிஷ் போட்ட அம்மோனைட் ஜோடி ஒன்று இருக்கிறது. அது கண்காட்சிக் கடைகளில் விற்கும் மடகாஸ்கர் சரக்கு, எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். ஆக, பெரியப்பா வாங்கவும் செய்திருக்கிறார். எல்லாம் அவரே வயலில் குனிந்து எடுத்தது என்ற நம்பிக்கை அங்கேயே ஆட்டம் காண்கிறது. மடகாஸ்கர்ப் பல்லும் கடைகளில் நிறைய வந்த பொருள்தான்.

அது ஏன் நிறைய என்றால்: மஜுங்காசாரஸ் ஒவ்வொரு பல்லையும் சுமார் 56 நாளுக்கு ஒரு தடவை மாற்றியது என்று 2019-இல் கணக்கிட்டார்கள். பல்லுக்குள் தினமும் படிகிற கோடுகளை நுண்ணோக்கியில் எண்ணி வந்த கணக்கு. அலோசாரஸுக்கு அது நூறு நாளைத் தாண்டும். டி.ரெக்ஸுக்கு இரண்டு ஆண்டுக்கும் மேல். வாய் நிறையப் பல், ஒவ்வொன்றும் இரண்டு மாதத்துக்குள் உதிரும். ஆயுள் முழுக்க ஒரு விலங்கு எத்தனை பல்லைச் சிந்தியிருக்கும்? தனிப் பல் சிக்குவதில் வியப்பே இல்லை, எலும்புக்கூடு சிக்குவதுதான் அபூர்வம்.

23 ஜூன், இரவு 9.55

ஒரு பல்லை நம்பிப் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ட்ரூடன் கதை. கேட்டவர்களுக்காகச் சுருக்கமாக.

அமெரிக்காவின் ஜோசஃப் லெய்டி 1856-இல் மொன்டானா பக்கத்தில் இருந்து வந்த ஒற்றைப் பல்லுக்கு ட்ரூடன் என்று பெயர் வைத்தார். பல்லி என்று நினைத்தார். 1924-இல் அதை மண்டை தடித்த தழையுண்ணி டைனோசரோடு சேர்த்தார்கள். பிறகு அது தப்பு என்று பிரித்தார்கள். 1980-களில்தான் பறவைக்கு நெருங்கிய, பெரிய மூளை வைத்த சின்ன ஊனுண்ணி என்று முடிவானது. 2017-இல் திரும்பவும் அந்தப் பெயரே நிற்காது என்று ஒரு தரப்பு கிளம்பியது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு பல் படுத்தும் பாடு.

இதற்கும் கல்லமேட்டுக்கும் ஒட்டு இருக்கிறது. 2013-இல் கல்லமேட்டுப் பாறையில் இருந்து மிகச் சிறிய பல் ஒன்றை ட்ரூடன் குடும்பத்தது என்று வெளியிட்டார்கள். அதுவரை அந்தக் குடும்பம் வடகண்டங்களில் மட்டும்தான் தெரியும். அரியலூர் மண்ணில் கிடைத்த பொடிப் பல் உலக வரைபடத்தையே மாற்றப் பார்த்தது. நான் இதில் கொஞ்சம் பழமைவாதி. இன்னொரு பல்லாவது, முடிந்தால் தாடைத் துண்டாவது வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கல்லமேட்டுக்கு இந்த விஷயத்தில் ராசி சரியில்லை. 1987-இல் அங்கிருந்து பிருகத்காயோசாரஸ் என்று ஒரு பிரம்மாண்டத்தை அறிவித்தார்கள். முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிறகு நீண்ட கழுத்துத் தழையுண்ணி என்று திருத்தினார்கள். சரிபார்க்கலாம் என்று போனால் எலும்பு இல்லை, உதிர்ந்து மண்ணாகிவிட்டது. மிஞ்சியது கட்டுரையும் வரைபடமும்.

30 ஜூன், மாலை 4.25

'கே' என்றால் கல்லமேடுதானே என்று பெரியம்மாவின் சார்பில் தம்பி வாதாடுகிறார். அரியலூர் ஜியாலஜிஸ்ட் ஒருவருக்கு 'கே' என்றால் கல்லமேடு, காரை, குன்னம், கல்லங்குறிச்சி. அந்தப் பக்கத்து வரைபடத்தில் பாதி 'கே'தான். கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல், சிப்பி மேடு. காரை கடல் களி. நிலத்து விலங்கின் பல் வர வாய்ப்புள்ளது கல்லமேடு மட்டும். பெரியம்மா சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் எழுத்தை வைத்து ஊரைச் சொல்லாதீர்கள்.

எண் போட்டு எழுதுகிற மனிதர் எங்கேயாவது பட்டியலும் எழுதியிருப்பார். வயல் நோட்டு, அதாவது களப்பணியின்போது எழுதும் நோட்டு, இருக்கிறதா? காக்கி அட்டை போட்டது, கட்டம் போட்டது, எதுவாக இருந்தாலும். பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் தேடுங்கள். உங்கள் வீட்டில் இந்த நேரம் பரண் சுத்தம் நடந்துகொண்டிருக்கும் என்று பயமாக இருக்கிறது.

7 ஜூலை, இரவு 9.10

நோட்டு கிடைத்துவிட்டது. பரணில்தான், எல்.ஐ.சி. காகிதங்களுக்கு அடியில்.

தம்பி அனுப்பிய பக்கங்களை இரண்டு மூன்று தடவை படித்தேன். நல்ல கையெழுத்து, சின்னச் சின்னப் பாறை வரைபடங்கள், பென்சிலில் சாய்வுக் கோணங்கள். 'கே' வரிசை 1-இல் தொடங்கும் பக்கத்தின் தலைப்பில் ஊர் பெயர் இருக்கிறது. கல்லமேடு இல்லை. கேடா. குஜராத்.

இப்போது தெரியாதவர்களுக்கு: ரஹியோலி, பாலசினோர் எல்லாம் அப்போது கேடா மாவட்டம், பழைய கட்டுரைகளில் அப்படித்தான் இருக்கும். 2013-க்குப் பிறகு மகிசாகர் மாவட்டம். 1981 வாக்கில் அங்கே சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பகுதியில்தான் ஜி.எஸ்.ஐ.காரர்கள் (இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர்) டைனோசர் எச்சங்களைக் கண்டார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் தோண்டிய எலும்புகளில் இருந்துதான் பின்னால் ராஜசாரஸ் வந்தது. சிமெண்ட் கம்பெனி ஜியாலஜிஸ்ட் அந்தப் பக்கம் போய் வந்ததில் ஆச்சரியமே இல்லை.

'கே-9'க்கு நேரே 'கூழாங்கல் கலந்த மணற்கல், எலும்புத் துண்டு' என்று இருக்கிறது. 'கே-14' இருக்க வேண்டிய பக்கம் ஈரத்தில் அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரிக்க வேண்டாம் தம்பி. ஆவி பிடித்துப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள், மை ஓடிவிடும். தாள் பாதுகாப்பு தெரிந்த ஆவணக் காப்பகத்துக்காரர்கள் செய்யட்டும்.

7 ஜூலை, இரவு 11.35

தூக்கம் வரவில்லை. குழிக்குள் இருக்கும் மண்ணின் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சாம்பல் வெள்ளைச் சுண்ணாம்புப் பிடிப்பில் உருண்டையும் கோணலுமாகப் பெரிய மணல்மணிகள். அவற்றுக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரு மணி, கடுகைவிடச் சின்னது. ஜாஸ்பர் என்ற செந்நிறக் கல் என்று தோன்றுகிறது. கேடாப் பக்கத்து டைனோசர் எலும்புகள் வரும் லமேட்டா பாறைகளில் ஜாஸ்பர் துணுக்குகள் வரும். முதல் முறை பார்த்தபோது அதைச் செங்கல் தூசி என்று நினைத்துக் கடந்திருக்க வேண்டும். கழுவாதீர்கள் என்று சொன்னது நல்லதாகப் போயிற்று.

9 ஜூலை, காலை 8.00

வாழ்த்துச் சொல்லிக் குவிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

நோட்டு கேடா என்கிறது, மண் மறுக்கவில்லை. மறுக்கவில்லை என்பது வேறு, உறுதி என்பது வேறு. அந்த மனிதர் வேறு நோட்டில் இன்னொரு 'கே' வரிசை போட்டிருந்தால்? கல்லமேட்டுக்கும் 1-இல் இருந்து ஆரம்பித்திருந்தால்? பெரியம்மாவின் நினைவை நான் தூக்கிப் போடவில்லை. அவர் கணவரோடு கல்லமேட்டுக்குப் போனதும் ஏதோ எடுத்ததும் நிஜமாக இருக்கும், அது இந்தப் பல்தானா என்பதுதான் கேள்வி.

தீர்க்க வழி இருக்கிறது. புதைந்த எலும்பும் பல்லும் நிலத்தடி நீரில் இருந்து அருமண் தனிமங்களை உறிஞ்சும். இடத்துக்கு இடம் அந்தக் கலவை மாறும். ரஹியோலி, கல்லமேடு இரண்டின் ஊர் தெரிந்த மாதிரிகளோடு ஒப்பிட்டால் பல் எந்தப் பக்கம் சேர்கிறது என்று சொல்லிவிடலாம். மண்ணை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பது இன்னும் மலிவு. இரண்டும் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் வேலை, வீட்டில் உட்கார்ந்து நாம் செய்வதல்ல.

4 ஆகஸ்ட், மாலை 6.15

தம்பி லேபிளுக்கு வாசகம் கேட்டார். இப்படி எழுதச் சொன்னேன்:

'அபெலிசாரிட் குடும்பம், பேரினம் தெரியாது. உதிர்ந்த பக்கப் பல். உயரம் 27 மி.மீ. பல்லில் எழுதிய எண் கே-14. வயல் நோட்டின்படி கேடா மாவட்டம், குஜராத். லமேட்டா பாறையாக இருக்கலாம். குடும்பத்தார் வாய்மொழி: கல்லமேடு, அரியலூர். சரிபார்க்கவில்லை.'

இரண்டு ஊரும் இருக்கட்டும். ஒன்றை அழித்தால் பின்னால் வருகிறவருக்குச் சந்தேகப்படவே வழி இருக்காது. பேனா நீரில் கரையாத மையாக இருக்க வேண்டும். லேபிளை டப்பாவுக்குள்ளேயே போடுங்கள், மூடியில் ஒட்டினால் மூடி மாறிப்போகும். பஞ்சையும் எடுத்துவிடுங்கள், இழை ரம்பத்தில் மாட்டி இழுக்கும். நுரைத்தாள் போதும். எங்காவது பொடிந்தால் ஃபெவிகால் வேண்டாம். அருங்காட்சியகத்தில் அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற பிசின் வைத்திருப்பார்கள், வேண்டாத நாளில் அதை எடுத்துவிடவும் முடியும்.

கொடுப்பதானால் பல்லைத் தனியாகக் கொடுக்காதீர்கள். நோட்டோடு சேர்த்து ஒரே இடத்துக்கு, ரசீது வாங்கிக்கொண்டு. இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் நான் நோட்டை எடுப்பேன். அந்தப் பெட்டியில் இன்னும் எழுத்தும் எண்ணும் போட்ட கற்கள் கிடக்கின்றன. அத்தனைக்கும் சாவி அது.

5 ஆகஸ்ட், காலை 7.40

என்ன விலை போகும் என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: சொல்ல மாட்டேன்.

தம்பிக்கு: நீங்கள் நேற்றுப் போட்ட 'எஸ்-3' படம் மங்கல். அடிப்பக்கம் தெரிகிற மாதிரி மறுபடி எடுங்கள். இப்போதைக்குப் பார்த்தவரை சுறா.